சத்தமில்லாத கப்பி

"உனக்கு என்ன கஷ்டம்?" என்று யாராவது வலிய வந்து விசாரித்தால், எங்கள் வளவில் முதலில் கதவைச் சாத்துவார்கள். அப்புறம் ஜன்னல் வழியாக, "எதுக்குக் கேக்குற?" என்று திருப்பிக் கேட்பார்கள். இந்தப் பழக்கத்தை ஒரு காலத்தில் நான் அறியாமை என்று நினைத்தேன். (அப்போது நான் எட்டாவது பாஸ். எட்டாவது பாஸ் செய்தவளுக்கு உலகத்தில் மற்றதெல்லாம் அறியாமையாகத்தான் தெரியும்.) இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். யாராவது கஷ்டம் விசாரித்தால் நானும் கதவைச் சாத்திவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

செல்லூரில் எங்கள் வளவு. நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரே ஒரு கிணறு, சுற்றி வரிசையாகக் குடித்தனங்கள். பாதி வீடுகளில் தறி ஓடும். வாசலோரம் எங்கள் அய்யாவின் இரும்புப் பட்டறை. கீல், கொக்கி, கதவுப்பட்டை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கிணற்றுக் கப்பி. கயிறு ஓடும் அந்தச் சக்கரத்தைச் செய்வதில் அய்யாவுக்கு ஒரு கர்வம் உண்டு. ஆனால் அவர் செய்த கப்பிகள் பட்டறைச் சுவரிலேயே மாலை மாலையாகத் தொங்கின.

நான் பரீட்சை பாஸ் செய்த சமயம் அது. எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். பசுமலைப் பக்கம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஆத்தாவோ மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் காடுகரை வைத்திருந்த தன் அண்ணன் மகனுக்கு என்னைக் கட்டிவைக்க இரண்டு காலிலும் நின்றாள். அய்யா நடுவில் உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் அவர் கேட்டார்: "பாக்கியம், நீ படிச்ச பிள்ளை. நம்ம கப்பியை எவனும் ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்கிறான். பழசையே வச்சு மாரடிக்கிறாக. என்னத்துக்குன்னு சொல்லு பாப்போம்."

"அது தண்ணி இறைக்கிறவகளைக் கேட்டாத்தேன் தெரியும்யா. இப்ப இருக்கிற கப்பியில என்ன தொந்தரவுன்னு கேப்போம். அந்தத் தொந்தரவு இல்லாத கப்பியா நீங்க செய்யுங்க."

அய்யா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். நாலு தலைமுறையாக இரும்படித்த குடும்பத்தில் வாங்குகிறவர்களைக் கேட்டு யாரும் எதையும் செய்ததில்லை.

"சரி, கேளு. இது மட்டும் சரியா வந்துச்சுன்னா, படிப்பு பட்டறைக்கும் உதவுதுன்னு ஆகிப்போகும். நானே பசுமலைக்குக் கொண்டுபோயி விடுறேன்."

"சரியா வரலைன்னா எங்க அண்ணன் வீட்டுக்கு" என்று அடுப்படியிலிருந்து ஆத்தாவின் குரல் வந்தது. "அங்கிட்டெல்லாம் கப்பி கிடையாது. கமலைதேன். மாடு இழுக்கும். ஒரு தொந்தரவும் இல்ல."

மறுநாளே பலகையும் குச்சியுமாகக் கிளம்பிவிட்டேன். கேள்விகளை வரிசையாக மனப்பாடம் செய்திருந்தேன். எந்நேரம் இறைப்பீர்கள்? ஒரு வேளைக்கு எவ்வளவு இறைப்பீர்கள்? இறைக்கும்போது எது தொந்தரவு? (இந்தக் கேள்விகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு இவை எனக்கு எதிராகவே சாட்சி சொல்லப் போகின்றன.)

முதல் வீடு சீனியம்மாள் அத்தை வீடு. தறிக்காரர் வீடு. வளவில் எது நடந்தாலும் முதலில் அவள் காதுக்குப் போய்விட்டுத்தான் மற்றவர் காதுக்கு வரும்.

"தொந்தரவா? ஒரு தொந்தரவும் இல்லையே. என்ன, வீட்டுக்காரரு கேக்கச் சொன்னாரா? வாடகையை ஏத்தப் போறாராக்கும்."

"இல்லத்தை, நானாத்தேன் கேக்குறேன்."

"நீயாக் கேக்குறியா? அப்ப இன்னுமுல்ல சந்தேகமா இருக்கு."

பக்கத்தில் அவள் மருமகள் வள்ளி நின்றாள். கல்யாணமாகி வந்து ஆறேழு மாசம் இருக்கும். "நீங்க சொல்லுங்க மதினி" என்றேன். வள்ளி மாமியாரை ஒருதரம் பார்த்தாள். "எல்லாம் நல்லாத்தேன் இருக்கு" என்று சொல்லிவிட்டு இரண்டு உள்ளங்கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். உள்ளங்கைகளில் கொப்புளம். அதைப் பார்த்தேன். ஆனால் அவள் வாயால் சொல்லவில்லையே என்று பலகையில் "தொந்தரவு இல்லை" என்று அழகாக எழுதினேன். (கையெழுத்துக்கு நான் பரிசு வாங்கியவள்.)

அடுத்து ஜைனம்பு அக்கா. அவர்கள் வீடு அடுத்த சந்தில். அவர்கள் கிணறு உப்பு என்பதால் கொல்லைக் கதவைத் திறந்து எங்கள் கிணற்றில் இறைத்துக்கொள்வார்கள். அக்கா புருஷனுக்கு வளையல் வியாபாரம். அக்காவுக்கு வாய் ஓயாது, சிரிப்பும் ஓயாது. அன்றைக்கு மட்டும் சிரிப்பு ஓய்ந்துவிட்டது.

"எந்நேரம் இறைக்கிறேன்னு உனக்கு எதுக்குடி? எங்க மாமியா அனுப்புச்சாளா?"

"அய்யோ, இல்லக்கா."

"அல்லாவுக்குத் தெரியும், உன் மூஞ்சியைப் பாத்தா அப்படித்தேன் இருக்கு. நான் காலாகாலத்துலதேன் எந்திரிக்கிறேன்னு எழுதிக்க. நல்லாக் கொட்டை எழுத்தாப் போடு."

இப்படியே வீடு வீடாகப் போனேன். தறிவரி போடப் போகிறார்கள் என்றார்கள். சனம் எண்ண வந்திருக்கிறாள் என்றார்கள். ஒருத்தி, மாப்பிள்ளை வீட்டுக்காக ரகசியமாகப் பெண் விசாரிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, தன் மகள் சுட்ட முறுக்கைத் தின்னக் கொடுத்தாள். (முறுக்கு நன்றாக இருந்தது. அதற்கு வரன் கிடைத்திருந்தால் சந்தோஷம்.) தொந்தரவு என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. மதுரை ஜில்லாவிலேயே குறையில்லாத ஒரே கிணறு எங்கள் கிணறுதான் என்று பலகை சொன்னது.

அழாத குறையாகத் திரும்பி வந்தபோது சீனியம்மாள் அத்தை வழிமறித்தாள். "ஏதாச்சும் எழுதித்தேன் ஆகணும்னா இதை எழுதிக்க. சத்தம். அந்தக் கப்பி போடுற கிறீச்சுச் சத்தம். காதைக் கிழிக்குது. போதுமா?"

எனக்குப் புதையல் கிடைத்தது மாதிரி இருந்தது. திரும்பவும் எல்லா வீட்டுக்கும் ஓடினேன். "சத்தம் தொந்தரவா?" ஆமாம், சத்தம்தான் என்றார்கள். பிள்ளை விழித்துக்கொள்கிறது, தலை வலிக்கிறது, தறியின் தாளம் தப்புகிறது. எல்லோரும் ஒரே வாய். அத்தனை பேர் ஒரே மாதிரி சொன்னால் அதுதானே உண்மை!

அது என்னவென்று இப்போது தெரிகிறது. சத்தம் என்று சொன்னால் யாருக்கும் வரி விழாது, மாமியாருக்குக் கோபம் வராது, வாடகை ஏறாது. சொல்வதற்கு ஆபத்தில்லாத ஒரே குறை அதுதான். வளவே சந்தேகத்தில் கிடந்த அந்த நாளில் சந்தேகப்படாத ஒரே ஆள் நான்.

அய்யா சோறு தண்ணி மறந்து வேலை செய்தார். சக்கரத்தின் நடுவில் வெண்கல வளையம் வைத்தார். எண்ணெய் தங்கி நிற்க அச்சில் ஒரு வாய்க்கால் வெட்டினார். ஒரு நல்ல நாளில் கப்பிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, கிணற்றுச் சட்டத்தில் மாட்டினோம். வள்ளிதான் முதலில் இழுத்தாள். வாளி வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி மேலே வந்தது. ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. வள்ளி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் முழுதாகச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"அட, பாக்கியத்துப் படிப்பு சும்மா இல்லப்பா!" என்றாள் ஜைனம்பு அக்கா.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆத்தா எனக்கு அப்பளம் பொரித்துப் போட்டாள். அண்ணன் வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் வளவின் முன்வீட்டுப் பெரிய வாத்தியாரிடம் போனேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கறுப்புக் கோட்டும் சரிகைத் தலைப்பாகையும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கோபம் வந்தால் இங்கிலீஷில்தான் பேசுவார். பயிற்சிப் பள்ளியில் சேர, ஊரறிந்த பெரிய மனிதர் ஒருவர் கையால் நன்னடத்தைச் சான்று வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஊரறிந்த பெரிய மனிதர் அவர் ஒருவர்தான்.

"வெள்ளிக்கிழமை வா. எழுதித் தாரேன்" என்றார்.

வெள்ளிக்கிழமைக்குள் வளவில் தீ பற்றிவிட்டது.

பங்குனி கடைசி. செல்லூர்க் கண்மாய் வற்றினால் எங்கள் கிணறும் வற்றும். வருஷா வருஷம் நடப்பதுதான். அந்த வருஷமும் வாளியில் சேறு வந்தது. ஆனால் மற்ற வருஷங்களில் யாரும் கேட்காத ஒரு கேள்வியை அந்த வருஷம் கேட்டார்கள்: யார் இறைத்தது?

அதுவரைக்கும் அந்தக் கேள்விக்கு அவசியமே இருந்ததில்லை. கப்பி கத்தியதே, போதாதா! வெடுக் வெடுக்கென்று இரண்டு கத்தல் வந்தால் சீனியம்மாள் அத்தை. நீளமாக இழுத்து, நடுவில் பேச்சுக்காக நின்று, மறுபடி இழுத்தால் ஜைனம்பு அக்கா. அவரவர் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே யார் எழுந்தார்கள், யார் எழவில்லை, யார் இன்றைக்குத் துணி துவைக்கிறார்கள், யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று வளவு முழுக்கத் தெரிந்து வைத்திருந்தது. நானும்தான் தெரிந்து வைத்திருந்தேன். காது தினமும் கேட்டதை மூளை ஒருநாளும் கவனிக்கவில்லை.

இப்போது கிணறு ஊமை. சாயங்காலம் தண்ணீர் இவ்வளவு கிடந்ததே, காலையில் எங்கே? வள்ளியை மாமியார் சந்தேகப்பட்டாள். சீனியம்மாள் அத்தையை ஜைனம்பு அக்கா சந்தேகப்பட்டாள். ஜைனம்பு அக்காவின் கொல்லைக் கதவை எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். ஆளாளுக்குக் கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் தறிகள் நின்றன, சோறு குழைந்தது. கடைசியில் அத்தனை சந்தேகமும் சேர்ந்து ஒரு வாசலுக்கு வந்தது. எங்கள் வாசலுக்கு.

"கப்பி செஞ்சது யாரு?" என்றாள் சீனியம்மாள் அத்தை, இடுப்பில் கை வைத்து.

"எங்க அய்யா."

"சத்தம் வரக்கூடாதுன்னு சொன்னது யாரு?"

"நீங்கதேன் அத்தை!"

"நானாச் சொன்னேன்? நீ கேட்ட, நான் சொன்னேன். கேக்காட்டிச் சொல்லியிருப்பேனா? வீடு வீடா வந்து, எந்நேரம் இறைக்கிறீக, எம்புட்டு இறைக்கிறீகன்னு பலகையில எழுதிக்கிட்டுப் போனியா இல்லியா? அம்புட்டுப் பேரும் அசந்து கிடக்கிற நேரம் எதுன்னு தெரிஞ்சுக்கத்தானே?"

"எதுக்கு அத்தை எனக்கு அது?"

"காய்ச்சுன இரும்பை முக்குறதுக்கு உங்க பட்டறைத் தொட்டிக்குத் தண்ணி வேணும்ல!"

அந்தத் தொட்டிக்கு அய்யா வைகை மணலில் ஊற்றுத் தோண்டித் தோளில் சுமந்து வந்தது உலகமறிந்த விஷயம். ஆனாலும் அந்த வாதத்தை இன்றுவரை நான் மெச்சுகிறேன். ஒரு ஓட்டை கிடையாது. எனக்கே ஒரு கணம், 'நாம்தான் எடுத்தோமோ?' என்று தோன்றிவிட்டது. ஜைனம்பு அக்காகூட வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்ததும் பட்டறையைக் காலி செய்யச் சொல்வது என்று கூட்டம் முடிவு செய்து கலைந்தது.

அய்யா அணைந்த உலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆத்தா மட்டும், "எங்க அண்ணனுக்கு ஒரு காயிதம் போடணும். நீயே எழுது. நீதேன் படிச்சவ" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தண்ணீர்த் திருடனைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். பிடித்தால் பட்டறை மிஞ்சும், பசுமலை மிஞ்சும். மறுநாள் விடிவதற்குச் சற்று முன்னால், ஆத்தாவின் போர்வையைச் சுற்றிக்கொண்டு துவைகல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். (அது வெள்ளிக்கிழமை என்பது எனக்கு மறந்துபோனது.)

விடியும் முன்னால் ஆண்கள் குளித்துவிடுவதுதானே வளவின் ஏற்பாடு, அந்நேரம் அங்கே போகலாமா என்று நீங்கள் கேட்கலாம். ஏற்பாடுதான். ஆனால் அதை யாரும் மணி பார்த்து வைத்துக்கொண்டதில்லை. கப்பி கத்தினால் பெண்கள் உள்ளே இருப்போம், நின்றால் வெளியே வருவோம். அந்த ஏற்பாட்டையும் நான்தான் எண்ணெய் போட்டு ஊமையாக்கியிருந்தேன்.

அரையிருட்டில் ஓர் உருவம் வந்தது. மொட்டைத் தலை, ஒட்டிய வயிறு, இடுப்பில் ஒரு துண்டு. சத்தமே இல்லாமல் வாளி மேலே வந்தது. இன்னொரு வாளி. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு இன்னொன்று. திருடனுக்கான அத்தனை லட்சணமும் பொருந்தியிருந்தது.

"திருடன்! தண்ணித் திருடன்!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன். பிடிக்க அகப்பட்டது துண்டின் நுனி. பிடித்துவிட்டேன். மறுநுனியை அவன் பிடித்துக்கொண்டான். நான் இழுக்க, அவன் இழுக்க, இருவருக்கும் நடுவில் ஈரத்துண்டு தறியில் பாவு நூல் மாதிரி விறைத்து நின்றது. அவன் கத்தவில்லை, அடிக்கவில்லை. அடிக்குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"லெட் கோ! லெட் கோ, யூ இடியட்!"

செல்லூரில் தண்ணீர் திருடுகிறவன் இங்கிலீஷில் திட்டமாட்டான் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அதற்குள் வளவே வந்துவிட்டது, ஆளுக்கொரு விளக்கோடு. வந்த வேகத்தைப் பார்த்தால் ஒருவரும் தூங்கியிருக்கவில்லை. அத்தனை விளக்கும் ஒன்றாகச் சேர்ந்து, தலைப்பாகை இல்லாத பெரிய வாத்தியாரைத் தலையிலிருந்து கால்வரை காட்டின.

"அடி ஆத்தி, பெரிய வாத்தியாரு!" என்றாள் சீனியம்மாள் அத்தை. அப்புறம், இந்தச் சந்தர்ப்பத்திலும் விடாமல், "இவுகளா தண்ணி எடுத்தது?" என்றாள்.

துண்டை விட்டேன். நல்ல வேளையாக உள்ளே கோவணம் கட்டியிருந்தார். (இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் நீங்கள் வேறு மாதிரி சந்தேகப்படுவீர்கள்.) துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலை நிமிர்த்தி, விளக்குகளின் நடுவே கோட்டுப் போட்ட மாதிரியே நடந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதலில் சிரித்தது ஜைனம்பு அக்கா. முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு, கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

"அக்கா, சத்தம் தொந்தரவுன்னு நீயுந்தானே சொன்ன?"

"தொந்தரவுதேன். இல்லைன்னு சொல்லலையே! ஆனா அந்தத் தொந்தரவுலதேன் ஒரு உபகாரமும் இருந்துச்சு. நான் எழுந்திரிச்சுட்டேன்னு எங்க மாமியாளுக்கு அந்தக் கப்பிதாண்டி சாட்சி. இப்பத் தினம் ரெண்டு தடவை, நான் எழுந்திரிச்சுட்டேன், எழுந்திரிச்சுட்டேன்னு நானே கத்த வேண்டியிருக்கு."

அன்று பகலில் பெரிய வாத்தியார் அய்யாவைக் கூப்பிட்டனுப்பினார். கோட்டும் தலைப்பாகையும் போட்டிருந்தாராம். சான்றைப் பற்றிப் பேச்சே இல்லை. "பழைய கப்பியை மாட்டு. மனுஷன் நிம்மதியாக் குளிக்கணும்" என்று மட்டும் சொன்னாராம்.

அய்யா ஏணியைச் சாத்திப் புதுக் கப்பியைக் கழற்றப் போனபோது கிணற்றடியில் வள்ளி நின்றாள். கயிற்றைப் பிடித்திருந்தாள், விடவில்லை. அவள் உள்ளங்கையைப் பார்த்தேன். கொப்புளம் ஆறி, தோல் உரிந்து, இளஞ்சிவப்பாக இருந்தது. பலகையில் நான் எழுதாத ஒரே தொந்தரவு. அய்யாவின் கப்பி தீர்த்து வைத்த ஒரே தொந்தரவும் அதுதான்.

"அய்யா, கழட்டாதீக. சக்கரம் இப்படியே ஓடட்டும். சத்தத்தை மட்டும் தனியா வச்சுக் குடுங்க."

"சத்தத்தைத் தனியாவா?" அய்யா ஏணியிலேயே நின்று யோசித்தார். அப்புறம் இறங்கி வந்து, கெரசின் டின் ஒன்றை வெட்டி, நாக்கு மாதிரி ஒரு தகரத் துண்டைச் சட்டத்தில் அறைந்தார். சக்கரத்தின் விளிம்பில் ஆணிகள் அடித்தார். சக்கரம் சுற்றச் சுற்ற ஆணி தகரத்தைத் தட்டிவிட்டுப் போயிற்று. டக், டக், டக்.

வளவு இதையும் நம்பவில்லை. "இதுல என்ன சூது வச்சிருக்கீகளோ" என்று சொல்லிவிட்டு, சீனியம்மாள் அத்தை ஒரு பரீட்சை வைத்தாள். எல்லோரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொருத்தியாக வந்து இறைக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் ஆளைச் சொல்ல வேண்டும்.

டக்டக், டக்டக். "இது சீனியம்மா மதினி!" என்று நாலு வீட்டிலிருந்து குரல் வந்தது.

டக், டக்... நின்றது... டக். "ஜைனம்பு! எவகூடடி பேசுற?"

அப்புறம் ஒன்று. சீராக, லேசாக, நிற்காமல். டக் டக் டக் டக். யாருக்கும் தெரியவில்லை. வெளியே வந்து பார்த்தால் வள்ளி. கைவலி இல்லாமல் இறைத்தால் அவள் எப்படி இறைப்பாள் என்று அதுவரை யாருமே கேட்டதில்லை.

சேறு மட்டும் தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் யார் எவ்வளவு இறைத்தார்கள் என்று எல்லோருக்கும் கேட்டதால், கோடைதான் தண்ணீரைக் குடிக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். காலி செய்யச் சொல்ல மறந்து, தன் இன்னொரு வளவுக்கும் ஒரு டக்குக் கப்பி கேட்டார்.

பெரிய வாத்தியாரின் சான்று திங்கட்கிழமை வந்தது, மூடிய உறையில், வேலைக்காரர் கையில். பசுமலையில் அதைப் பிரித்த வெள்ளைக்காரப் பெரிய டீச்சர், துரைசானியம்மா, படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உரக்கப் படித்தார்: "இப்பெண்ணை நெடுநாளாக அறிவேன். நன்னடத்தை உடையவள். கண்காணிப்பு வேலைக்கு மிகவும் ஏற்றவள். பிடித்தால் விடமாட்டாள்."

இடம் கிடைத்தது. விடுதியில் முதல் நாளிலேயே, ராத்திரி எல்லோரும் படுத்துவிட்டார்களா என்று பார்த்து விளக்கணைக்கும் பொறுப்பையும் என் தலையில் கட்டினார்கள்.

இப்போது நான் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பு முழுக்க ஒரே வாயாக, "புரிஞ்சுது டீச்சர்" என்கிறது. உடனே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். வாயை விட்டுவிட்டுக் கைகளைப் பார்ப்பேன்.

லீவுக்குச் செல்லூர் போனால் விடியற்காலையில் தூங்க முடிவதில்லை. டக்குக் கப்பியால் இல்லை, அதற்குக் காது பழகிவிட்டது. வளவில் எந்த ஆம்பளை குளிக்கப் போனாலும் முதலில் எங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் கிணற்றடிக்குப் போகிறார். எல்லோருக்கும் முன்னால் அய்யாவின் குரல் கேட்கும்:

"பாக்கியம்! உங்க அய்யாதேன் தாயி. குளிக்கப் போறேன். துண்டைப் பிடிச்சிராத!"